அது புனுகுப்பூனை இல்லை

நேற்று தேக்கா சந்தையில் சோற்றுக்கு வாசனை சேர்க்கும் பாண்டான் இலைக் கட்டு ஒன்றை அம்மா என் மூக்கருகே நீட்டினார். "நம்ம மரநாய் வாசம் லா!" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். பேருந்தில் ஏறியபின் சிரிப்பு நின்றுவிட்டது.

நான் சிறுமியாக இருந்தபோது, பொத்தோங் பாசிரில் எங்கள் அத்தாப்பு ஓலை வீட்டுக் கூரையிலிருந்து அந்த வாசனை இறங்கும். பாண்டான் இலையைக் கசக்கியது போலவே இருக்கும். கோழிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகவே, அப்பா கூண்டு வைத்தார். ஒரு காலையில் மரநாய் உள்ளே இருந்தது, முகத்தில் கறுப்புப் பட்டையோடு.

சித்தப்பா விறகுக் கட்டையோடு வந்தார். "கோழித் திருடி! ஒரே போடு போட்டா முடிஞ்சுது."

"தொடாதடா. புனுகுப்பூனை. முருகனுக்குப் பூசற புனுகு இதுகிட்ட எடுக்கறதுதான்" என்றார் அப்பா. கூண்டுக்குள் ஒரு மூங்கில் கழியை நட்டார். புனுகை அதில் தேய்த்து வைக்குமாம். துறைமுகத்தில் மூட்டை தூக்கக் கிளம்புமுன் அந்தக் கழியைத் தினமும் முகர்ந்து பார்ப்பார்.

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அந்தத் தலைக்கனம் எனக்கு உண்டு. இப்போதும் குறைந்துவிட்டதாகத் தோழிகள் யாரும் சொல்வதில்லை. மரநாய் நாயும் அல்ல, பூனையும் அல்ல என்று பள்ளிப் புத்தகத்தில் படித்திருந்தேன். ஆப்பிரிக்காவின் ஜெனட் என்ற புள்ளி போட்ட விலங்கும் அதுவும் ஒரே குடும்பம். பூனையும் கீரியும் தூரத்துச் சொந்தம். புனுகுக்குப் பேர்போனது இதன் இன்னோர் உறவு. அதற்கு வாலில் வளையங்கள் இருக்கும். எங்கள் கூண்டில் இருந்ததற்கு வால் முழுக்கக் கறுப்பு.

கழி காய்ந்தே கிடந்தது. சித்தப்பா மறுபடி கட்டையை எடுத்தார். அப்பா என்னைக் கூப்பிட்டார். பால் டின்னில் இருக்கும் எழுத்தைக்கூட நான் படித்துச் சொன்னால்தான் அவருக்குத் திருப்தி.

"படிச்ச புள்ள நீ. சொல்லும்மா, இது புனுகுப்பூனைதானே?"

இல்லை என்றால் கட்டை இறங்கும். ஆமாம் என்று பொய் சொல்ல என் படிப்பு விடவில்லை.

"தெரியலப்பா."

சித்தப்பா வெடித்துச் சிரித்தார். "இதுக்கா அண்ணே இங்கிலீஷ் ஸ்கூலு?"

அப்பா என்னைப் பார்க்கவில்லை. மரநாயும் தீனியைத் தொடவில்லை. "சாமிக்கு ஆகற ஜீவன் நம்ம வீட்ல சாகக்கூடாது" என்று மறுநாள் ரம்புத்தான் மரத்தடியில் கூண்டைத் திறந்துவிட்டார். கிளை ஒன்று அசைந்தது, அவ்வளவுதான்.

இன்று அந்த மரம் இல்லை, கம்பம் என்று நாங்கள் சொல்லும் அந்தக் கிராமமே இல்லை. அப்பா இருக்கிறார், புது அடுக்குமாடி வீட்டில், என்னோடு. நான் இப்போது ஆசிரியை. மின்தூக்கி அருகே ஆங்கிலத்தில் அறிவிப்பு ஏதாவது ஒட்டினால், அப்பா என்னைத் தாண்டிப் போய் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுகிறார்.