சொந்த ஊருக்கு டாக்டராக வந்தவள்

குடும்ப மருத்துவப் பயிற்சியின் கடைசி மாதங்களுக்கு டீலியா மீகிஸ் தன் சொந்த ஊரையே கேட்டு வாங்கினாள். வட கனடாவில், குளிர்காலத்தில் உறைந்த ஏரிமேல் போடும் பனிச்சாலையை விட்டால் விமானம் மட்டுமே போகிற ஏரிக்கரை ஊர். பயிற்சிக்கு வரும் தெற்கத்தி டாக்டர்கள் முகம் பழகுமுன்னே பெட்டியைக் கட்டிவிடுவார்கள். இவள் நம்ம பிள்ளை, போகமாட்டாள் என்று ஊர் நம்பியது.

தம்பி ஏமஸ் தண்ணீர் லாரி ஓட்டுகிறவன். மருத்துவ நிலையத் தொட்டியை நிரப்ப வரும்போதெல்லாம் எட்டிப் பார்த்து வம்புக்கிழுப்பான்.

"மீன் அறுக்கவே தெரியாது, இவகிட்டயா எங்களை ஒப்படைச்சிருக்காங்க!"

"உள்ள வாடா. முதல்ல உன் வாயத் தைக்கிறேன்."

நவம்பரில் ஒரு காலை, அதே ஏமஸ் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தான். வேர்த்து ஊற்றியது. மாரடைப்பு. நகரத்திலிருந்து மூத்த டாக்டர் போனில் சொல்லச் சொல்ல, டீலியாவும் நர்ஸும் மருந்து ஏற்றினார்கள். ஏற்றிப்போக வந்த விமானம் மூடுபனியில் இறங்க முடியாமல் ஊரைச் சுற்றிச் சுற்றி வந்தது. பிறகு அந்தச் சத்தம் தேய்ந்தது.

"போயிடுச்சா அக்கா?"

"திரும்ப வரும்டா. பேசாம படு."

மதியத்துக்குள் அவன் உயிர் போய்விட்டது. அதன் பிறகும் அவன் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தவளை நர்ஸ்தான் பிடித்து விலக்கினாள்.

அம்மா ஹில்டா வாசலில் நின்றிருந்தாள். "நீ உள்ளதானே இருந்த?" என்று மட்டும் கேட்டாள். அதற்கப்புறம் மகளிடம் அதிகம் பேசவில்லை.

ஊரார் யாரும் குறை சொல்லவில்லை. கடமான் சூப் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஆனால் ஏமஸ் கிடந்த அந்தக் கட்டிலில் படுப்பவர்களெல்லாம் சித்தப்பா, அத்தை, கூடப் படித்தவள். ஒருநாள் பெரியப்பா நெஞ்சு வலிக்கிறது என்றபோது டீலியாவின் கை விறைத்துப்போனது. எப்படியோ பயிற்சியை முடித்தாள். வேலைக்குத் தன் ஊரைக் கேட்கவில்லை. பனிச்சாலையில் அரைநாள் தூரத்திலிருந்த இன்னோர் ஊருக்குப் போனாள்.

"நீங்க எப்ப கிளம்பறீங்க?" என்று அங்கேயும் கேட்டார்கள். வருஷங்கள் ஓடின. அவள் கிளம்பவில்லை. சொந்த ஊருக்குத்தான் தெற்கிலிருந்து ஆள் வந்துவந்து போய்க்கொண்டிருந்தது.

ஒரு பிப்ரவரியில் ஹில்டா பனிச்சாலையில் மகளின் மருத்துவ நிலையத்துக்கு வந்து, மற்றவர்களோடு வரிசையில் உட்கார்ந்தாள்.

"அங்க இருக்கற புது டாக்டருக்கு நம்ம பேச்சு புரியல. எல்லாத்துக்கும் மண்டைய மண்டைய ஆட்டறான்."

டீலியா ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுற்றினாள். அம்மாவின் கை மெலிந்திருந்தது.

"என்மேல கோவமாம்மா?"

"கோவமில்லடி. உன்னப் பார்த்தா அவன்தான் முன்னால வந்து நிக்கறான். பார்க்காம இருந்தா ரெண்டு பேரையுமே பறிகொடுத்த மாதிரி இருக்கு."

ஸ்டெதாஸ்கோப்பில் டீலியாவுக்குத் துடிப்பு பிடிபடவில்லை. பட்டையின் காற்றை இறக்கிவிட்டு மறுபடி ஏற்றினாள்.

பனிச்சாலை இளகுமுன் ஹில்டா திரும்பிவிட்டாள். ஊருக்கு வா என்று அவள் கூப்பிடவில்லை. வருகிறேன் என்று டீலியாவும் சொல்லவில்லை.