கராஜ் கதவில் பட்ட பந்து

“...யோசிக்கவேணும் எண்டுதானே சொன்னனான்? அனுப்பமாட்டன் எண்டு என்ர வாயாலை ஒரு சொல்லுச் சொன்னனானோ, நீ சொல்லு பாப்பம்!”

பெரியப்பா கேட்டது என் அப்பாவிடம். பார்த்துக்கொண்டிருந்தது மேசையில் கிடந்த கைப்பேசியை. ரோவில் என்ற புறநகரில் அவருடைய வீட்டுக் குசினியில் எல்லோரும் அந்தக் கைப்பேசியைச் சுற்றிக் கதிரை போட்டு இருந்தோம், நோயாளியைப் பார்க்க வந்தவர்கள் மாதிரி. காலையிலிருந்து அது ஒரேயொரு முறைதான் அடித்தது. பெரியம்மா நெஞ்சில் கைவைத்தபடி எடுத்துக் கொடுத்தால், மறுமுனையில் கூரைக்குச் சூரியத் தகடு போடச் சொல்லி ஒரு பெண். “வேண்டாம் பிள்ளை, எங்களுக்கு இப்ப வெளிச்சமே வேண்டாம்” என்று தமிழிலேயே சொல்லிவிட்டுப் பெரியம்மா வைத்தார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. கைப்பேசியின் மின்சாரம் இறங்காமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது. சார்ஜரைக் கையில் சுற்றிக்கொண்டு தாதி போல நின்றேன்.

கவலை பெரியப்பாவின் மகனைப் பற்றியது. எனக்கு அவர் அண்ணா. நடக்கப் பழகிய நாளிலிருந்து பந்தோடு திரிந்தவர் என்பார்கள். உருண்டைப் பந்தல்ல, இந்த நாட்டுக் கால்பந்தின் முட்டைப் பந்து. பின்னேரம் பள்ளி விட்டு வந்தால் கராஜின் தகரக் கதவில் அதை அடித்து அடித்துப் பிடிப்பார். தடார், தடார் என்று தெருக்கோடி வரை கேட்கும். “கதவு கழண்டு விழப்போகுது, விடடா!” என்று பெரியப்பா உள்ளேயிருந்து கத்துவார். தடார் நிற்காது. கத்தலும் நிற்காது. அந்த வீட்டில் பின்னேரம் என்றால் அந்த இரண்டு சத்தமும்தான்.

பதினெட்டு வயதில் அண்ணாவின் பெயர் தெரிவுக்கு வந்தது. அந்த விளையாட்டில் பிள்ளைகள் தாங்கள் விரும்பிய அணிக்குப் போகமுடியாது. வருடக் கடைசியில் அணிகள் முறைவைத்துப் பெயர் சொல்லும். எந்த ஊர் அணி சொல்கிறதோ அந்த ஊருக்குப் பெட்டி கட்டவேண்டியதுதான். அதில் மிஞ்சியவர்களில் சிலரைப் பிறகு ரூக்கி என்று எடுப்பார்கள். ரூக்கிக்கு ஒரு வருட ஒப்பந்தம். பிடித்தால் வைத்திருப்பார்கள், இல்லையென்றால் கைகுலுக்கி அனுப்பிவிடுவார்கள்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், சனிக்கிழமைகளில் அந்தக் கராஜில் அப்பாவும் எதிர்வீட்டு மலேசியா அங்கிளும் போடும் சண்டையிலிருந்துதான். ஆளுக்கொரு அணி. ஒரு வருடம் அப்பாவின் அணி நட்சத்திரம் ஒருவன் ஒப்பந்தம் முடியுமுன்னே வேறு அணிக்குப் போகக் கேட்டுவிட்டான். தாலி கட்டப்போகிற நேரம் மாப்பிள்ளை ஓடியது போல அப்பா ஒரு கிழமை சரியாகச் சாப்பிடவில்லை. “அவனைப் பிடிச்சுக் கட்டிவைக்க ஏலுமே லா? மனசு போனா விட்ரணும்” என்று மலேசியா அங்கிள் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினார். “உங்கட ஆக்கள் போன வருசம் எடுத்த பனைமரம் எங்க? பந்தைக் கண்டா ஒதுங்கி வழிவிடுது!” என்று அப்பா திருப்பிக் கொடுத்தார். அண்ணாவின் விஷயத்தில் மட்டும் இரண்டு பேருக்கும் ஒரே வாய். உயரம் கொஞ்சம் குறைவு, ஓட்டம் காற்று, யாராவது கட்டாயம் எடுப்பார்கள்.

பெரியப்பா பஸ் ஓட்டுபவர். விளையாட்டு அவருக்கு விளங்காது, விளங்கவும் விரும்பியதில்லை. அவருக்கு விளங்காத இன்னொரு இடம் விமான நிலையம். யாரும் வந்தால் கூட்டிவர முதல் ஆளாய்ப் போவார். யாரும் போனால் வழியனுப்ப வரமாட்டார். பார்க்கிங் காசுக்குப் பயந்து என்று அப்பா பகிடி பண்ணுவார். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். பெரியப்பாவும் அண்ணாவின் வயதில்தான் ஊரில் தாய் தகப்பனிடம் ‘போட்டு வாறன்’ என்று சொல்லிவிட்டு வந்தவர். அவர்களை அவர் பிறகு காணவில்லை. அதை அந்த வீட்டில் யாரும் கதைப்பதில்லை.

தெரிவுக்குச் சில கிழமைகள் முன்பு, நாட்டின் மறுகரையில், விமானத்தில் நாலு மணித்தியாலம் தள்ளியிருக்கும் பேர்த் நகரத்து அணியிலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்தார். பிள்ளை எப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவன் என்று பார்ப்பது அவர்கள் வழக்கம். வெயிலில் மூக்குத் தோலுரிந்த பெரிய மனிதர். பெரியம்மா ரோல்ஸும் பற்றிஸும் பொரித்து அடுக்கி, அண்ணாவுக்கு இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, சாமியறைக் கதவைத் திறந்துவிட்டு, மாப்பிள்ளை பார்க்க ஆட்கள் வருகிற வீடு போலவே எல்லாம் செய்து வைத்திருந்தார். வந்தவர் ரோல்ஸை ருசித்துச் சாப்பிட்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்: மகன் பேர்த்துக்கு வருவதில் உங்களுக்குச் சம்மதமா?

இப்படிப்பட்ட இடத்தில் நம் ஆட்கள் உடனே தலையாட்டமாட்டார்கள். ஆட்டினால் பிள்ளையின் மதிப்புக் குறைந்துவிடும். பெரியப்பா கதிரையில் சாய்ந்து உட்கார்ந்தார். யோசிக்கவேண்டும் என்றார். வேறு அணிகளும் கேட்டு வருகின்றன என்றார், ஒன்றும் வரவில்லை. மகன் கெட்டிக்காரன், பல்கலைக்கழகத்திலும் இடம் கிடைக்கும், பந்தை நம்பித்தான் இருக்கிறான் என்றில்லை என்றார். மூக்குத் தோலுரிந்தவர் சிரித்துத் தலையசைத்து, பெரியம்மாவுக்கு நன்றி சொல்லிப் போனார். “எப்பிடி? பிடி குடுக்காமல் கதைச்சன் பாத்தியளே!” என்று பெரியப்பா எங்களைப் பார்த்தார். அண்ணா மட்டும் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுக் கராஜுக்குப் போனார். அன்று தடார் சத்தம் வழக்கத்தைவிடப் பலமாகக் கேட்டது.

பெரிய தெரிவை எல்லோரும் தொலைக்காட்சிக்கு முன் இருந்து பார்த்தோம். பெயர் பெயராக வாசித்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் பெரியம்மா வாய்க்குள் முருகா என்றார். பேர்த் அணியின் முறை வந்து போனது, திரும்பவும் வந்து போனது. எங்கள் பெயர் வரவேயில்லை. அதற்குப் பிறகு அண்ணா அறைக்குள் போனவர்தான்; பந்து கராஜ் மூலையில் கிடந்தது. ரூக்கித் தெரிவு ஒன்றே மிச்சம். அது நாளைக்கு; அதற்குமுன் ஏதாவது அணி கூப்பிடுமா என்றுதான் கைப்பேசியைச் சுற்றி இருந்தோம்.

அன்று காலை அண்ணாவின் உள்ளூர் அணிப் பயிற்சியாளர் அவருக்குச் செய்தி அனுப்பியிருந்தார். அண்ணா குசினி வாசலில் நின்று ஆங்கிலத்தில் அதை வாசித்துக் காட்டினார். பேர்த் அணிக்கு அவரைப் பிடித்திருந்ததாம். தகப்பன் அனுப்பமாட்டார், பிள்ளைக்கும் இது இரண்டாம்பட்சம் என்று நினைத்து விட்டுவிட்டார்களாம். வாசித்து முடித்து, தகப்பனை ஒன்றும் கேட்காமல் திரும்பிப்போய்க் கதவைச் சாத்தினார். கேட்டிருந்தால் நல்லது என்று எனக்கே தோன்றியது.

அதற்குத்தான் பெரியப்பா அப்படி வாதாடினார். “சும்மா இருந்த வாயைத் திறந்து பிள்ளையின்ர வாழ்க்கையில...” என்று தொடங்கிய பெரியம்மா முடிக்கவில்லை.

பெரியப்பா கைப்பேசியை எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போனார். மின்சாரம் பாதிக்குக் கீழே இறங்கியிருந்ததால் நானும் சார்ஜரோடு பின்னால் போனேன். அவர் சுவரைப் பார்த்து நின்று, அந்த மூக்குத் தோலுரிந்தவரைக் கூப்பிட்டார். பஸ்ஸில் வயதானவர்களிடம் பேசுகிற மரியாதையான ஆங்கிலம். தான் பிழையாகச் சொல்லிவிட்டேன் என்றார். வேறு ஒருவரும் கேட்டு வரவில்லை என்றார். மகனுக்குப் பந்தை விட்டால் வேறொன்றும் இல்லை, எங்கே கூப்பிட்டாலும் வருவான், தகப்பனைப் பார்க்கவேண்டாம் என்றார். பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். “நோ, நோ. வீ ஆர் ஓகே” என்றார். கொஞ்சம் பொறுத்து, “ஐ ஆம் ஓகே” என்றார்.

மறுநாள் பின்னேரம் கணினித் திரையில் அண்ணாவின் பெயர் வந்தது. பேர்த், ரூக்கி, ஒரு வருடம். அப்பாவும் மலேசியா அங்கிளும் முதல்முறையாகக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அந்த ஒரு வருடம் இரண்டாகி, முழங்காலில் அடிபட்டு, அணி அவரைக் கைகுலுக்கி அனுப்பிவிட்டது. ஆனால் அதற்குள் பேர்த் அவரைப் பிடித்துக்கொண்டது. இப்போது அங்கே பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர். மனைவி, பிள்ளை, வீடு எல்லாம் அங்கேதான். நத்தார் விடுமுறைக்கு வருவார்கள். பெரியப்பா விமான நிலையத்துக்கு ஒரு மணித்தியாலம் முந்தியே போய் நிற்பார். திரும்பிப் போகும்போது கொண்டுபோய் விடுவது என் அப்பா.

அதெல்லாம் பிறகு நடந்தது. அன்று கராஜில், பேசி முடித்த பெரியப்பா கைப்பேசியை என்னிடம் தந்தார். நான் சார்ஜரைச் செருகினேன். உள்ளே போவார் என்று நினைத்தேன். போகவில்லை. மூலையில் கிடந்த பந்தை எடுத்துத் துடைத்தார். கதவை முழுதாக இறக்கிவிட்டு, பக்கத்துக் கதவால் வெளியே போய், அதன் முன்னால் நின்றார். நானும் பின்னால் போய் நின்றேன். அவர் சாரத்தை மடித்துக் கட்டினார். ஓங்கி ஓர் உதை.

தடார்.

பந்து கோணலாகத் தெறித்துத் தெருவுக்கு உருண்டது. ஒரு செருப்பு கழன்று பூச்சாடியில் விழுந்தது. மற்றச் செருப்போடு அவர் தெருவரைக்கும் நொண்டி ஓடினார். பெரியப்பாவும் பந்து பழகத் தொடங்கிவிட்டார் என்று நினைத்து நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவர் திரும்பி வந்தார். என்னைப் பார்க்கவில்லை. பந்தை அதே இடத்தில் வைத்து, மறுபடியும் கதவில் அடித்தார். அடித்துவிட்டு, அண்ணாவின் அறை இருந்த பக்கம் காதைக் கொடுத்து நின்றார்.