காலியாக இருந்த ஒரே சீட்

ஓசூர் பஸ் ஸ்டாண்டில் நான் அந்த டவுன் பஸ்ஸில் ஏறும்போது மழை கொட்ட ஆரம்பித்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. கையில் குடை இருந்தது. ஆனால் காற்று அதை இரண்டு முறை தலைகீழாக மடக்கிவிட்டதால் பாதி நனைந்துதான் ஏறினேன். உத்தனப்பள்ளியைத் தாண்டி ஒரு உதிரிபாகக் கம்பெனியில் எனக்கு வேலை. எட்டரைக்குள் கார்டு தேய்க்க வேண்டும்.

பஸ்ஸுக்குள் கால் வைக்க இடமில்லை. ஷட்டர்களையெல்லாம் இறக்கிவிட்டிருந்தார்கள். ஈரத்துணியும் சாம்பார் டப்பாவும் யாரோ கொண்டுவந்த கொத்தமல்லிக் கட்டும் சேர்ந்து ஒரு வாசனை. இடித்துக்கொண்டு நடுவில் போனவள், நான்காவது வரிசையில் ஒரு சீட் காலியாக இருப்பதைப் பார்த்தேன். இத்தனை பேர் நிற்கிறார்களே, அது மட்டும் ஏன் காலியாக இருக்கிறது என்று யோசிக்கத் தோன்றவில்லை. பாய்ந்துபோய் உட்கார்ந்தேன். சீட் ஈரமாகத்தான் இருந்தது. மழை நாளில் எந்த சீட் காய்ந்திருக்கிறது?

பஸ் கிளம்பி ஒரு வளைவு திரும்பியதும் பின்கழுத்தில் சில்லென்று ஒரு சொட்டு. நிமிர்ந்தேன். அடுத்தது நேராக நெற்றியில். கூரைத் தகடு சேரும் இடத்தில் விரிசல். பக்கத்தில் ஜன்னலோரம் தலையில் துண்டைச் சுற்றிய ஒரு பெரியவர், மடியில் காலிச் சாக்குடன் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். எனக்கு விஷயம் புரிந்தது. எழுந்து, நானும் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

அந்தப் பக்கம் வந்த கண்டக்டரிடம் மேலே கையைக் காட்டினேன். அவர் அண்ணாந்து பார்த்து, "மழ வுட்டா சரியாயிடும்மா" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

அடுத்த நிறுத்தத்தில் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு ஒருவர் ஏறினார். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை. சீட்டைப் பார்த்ததும் அவர் கண்ணில் ஒரு வெளிச்சம். இரண்டு பெண்களுக்கு நடுவில் புகுந்து வந்து உட்கார்ந்தார். நான் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. ஆனால் நானும் வெளியே பார்க்கிற மாதிரி ஷட்டரைப் பார்த்தேன். சட்டைத் தோளில் மூன்றாவது சொட்டு விழுந்ததும் அவர் எழுந்துவிட்டார்.

"இங்கியே தானே நிக்கறீங்க? ஒரு வார்த்த சொல்லக் கூடாதாங்க?" என்று என்னிடம் கேட்டார்.

"எனக்கும் யாரும் சொல்லலீங்க" என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்துப் பார்த்தார். நியாயம் என்று பட்டிருக்க வேண்டும். என் பக்கத்திலேயே கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு, படியை ஆவலோடு கவனிக்க ஆரம்பித்தார்.

அடுத்து ஏறியவள் ஒரு இளம்பெண். தோளில் தூங்குகிற குழந்தை, அதன்மேல் பாலிதீன் தாள். அவள் சீட்டை நோக்கி வந்ததும் எங்களுக்குள் என்னவோ ஆனது. யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினோம். "உக்காராதம்மா!" என்றேன் நான். பின்னாலிருந்து ஒருவர் கன்னடத்தில் "பேடம்மா, பேடா!" என்றார். தெலுங்கில் ஒரு குரல் "வத்தம்மா!" என்றது. வெள்ளைச் சட்டைக்காரர் கையையே குறுக்கே நீட்டிவிட்டார்.

அவள் அப்படியே நின்றாள். முகம் சிவந்துவிட்டது.

"ஏங்க, காலியாத்தானே இருக்குது? கொழந்தய வெச்சிக்கினு நிக்கறேன், உக்காரக் கூடாதா? யாருக்குப் புடிச்சி வெச்சிருக்கீங்க?"

கடைசி வார்த்தையில் குரல் உடைந்தது. நான் மேலே கையைக் காட்டி, "ஒழுகுதும்மா" என்று சொல்லி முடிப்பதற்குள் அவள் வீம்பாக உட்கார்ந்துவிட்டாள். பாலிதீன் தாளில் 'டப்' என்று ஒரு சொட்டு விழுந்தது. அடுத்தது குழந்தையின் மூக்கில். குழந்தை கண் திறந்து, கூரையைப் பார்த்து, ஒரு தும்மல் போட்டது. அவள் கூரையைப் பார்த்தாள். அப்புறம் எங்களைப் பார்த்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். சிரித்துவிட்டாள். அவள் சிரித்ததும் மொத்த பஸ்ஸும் சிரித்தது.

அதுவரை தூங்கிய ஜன்னலோரப் பெரியவர் அப்போதுதான் கண்ணைத் திறந்தார்.

"நீ இந்தப் பக்கம் வாம்மா. நான் எறங்கற எடம் வந்திருச்சி" என்று எழுந்து இடம் விட்டார்.

அவள் நகர்ந்து உட்கார்ந்து, முந்தானையால் குழந்தையின் முகத்தைத் துடைத்தாள். அவர் என் அருகில் வந்து நின்றார். ஒரு நிறுத்தம் போனது, இரண்டு போனது. அவர் இறங்கவில்லை. நான் அவரைப் பார்த்தேன். அவர் துண்டை அவிழ்த்து உதறி மறுபடி கட்டிக்கொண்டார். வெள்ளைச் சட்டைக்காரர் அந்தக் காலிச் சாக்கை வாங்கி, நான்காக மடித்து, சொட்டு விழுகிற இடத்தில் விரித்தார். தண்ணீர் அவள் பக்கம் தெறிப்பது நின்றது.

உத்தனப்பள்ளிக்கு முன்னால் ஒரு நிறுத்தத்தில் அவள் எழுந்தாள். படிவரை போய்த் திரும்பி, சொந்தக்காரர் வீட்டிலிருந்து கிளம்புகிறவள் போல, "வரேங்க" என்றாள்.

சாலையோரம் குட்டை மாதிரி தண்ணீர் நின்றது. "பாத்து எறங்கும்மா, பள்ளம்!" என்று நாலைந்து பேர் ஒன்றாகக் குரல் கொடுத்தோம். இந்த முறை அவள் கோபித்துக்கொள்ளவில்லை. காலை எட்டி, தண்ணீர் இல்லாத இடமாகப் பார்த்து வைத்தாள்.