துவைக்கக் கூடாத பேன்ட்

ஆறு மாதம் துவைக்கக் கூடாது என்று முதலாளி சொன்னதும் எங்களில் பாதிப் பேர் மூக்கைப் பிடித்துக்கொண்டோம். 2005ஆம் வருடம், மாசி மாதம். ஆரோவில் பக்கத்தில் ஒரு சின்னத் தையல் கூடத்தில் நான் ஏழாவது மெஷினில் இருந்தேன். முதலாளி வெளிநாட்டுக்காரர். இங்கே வந்து வெகுகாலம் ஆகிவிட்டதால் தமிழ் பேசுவார், நாயைக்கூட 'நீங்க' என்றுதான் கூப்பிடுவார். அவர் ஊர்ப்பக்கம் தாத்தா காலத்தில் கூலிக்காரர்கள் போட்ட ஜீன்ஸ் பேன்ட்டை அதே துணியில், அதே தையலில், பாக்கெட் மூலையில் அதே செம்பு ரிவிட் ஆணி அடித்துப் புதிதாகச் செய்து அனுப்புவதுதான் எங்கள் வேலை. இப்போது அதை வாங்குகிறவர்கள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறவர்களாம். கூலிக்காரன் எப்போது கழற்றிப் போடுவான் என்று காத்திருந்து எடுத்து மாட்டிக்கொள்கிற நாகரிகம் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

அந்தத் துணி தொட்டால் அட்டை மாதிரி இருக்கும். கையில் நீலம் ஒட்டும். அதை முதலில் ஒரே ஒரு முறை தண்ணீரில் முக்கிக் காயவைக்க வேண்டும், அப்போது நன்றாகச் சுருங்கும், அதனால் அளவு பார்க்கும்போதே இரண்டு விரல் தாராளமாகப் பார்க்க வேண்டும். பிறகு தினமும் போட்டுக்கொண்டு உடம்பு வளைய வேலை செய்ய வேண்டும். மடங்குகிற இடத்தில் நீலம் போய் வெள்ளைக் கோடு விழும். ஒவ்வொருவர் வேலைக்கும் ஒவ்வொரு விதமாக விழும் என்று முதலாளி கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். சோப்பு கூடாது, பிரஷ் கூடாது, முறுக்கிப் பிழியக் கூடாது, இஸ்திரி கூடவே கூடாது. நாற்றம் அடித்தால் உள்பக்கத்தை வெளியே திருப்பிக் காற்றில் போட வேண்டும். பிணத்தைக்கூடக் குளிப்பாட்டித்தானே தூக்குகிறோம், இந்தப் பேன்ட்டுக்கு அந்த மரியாதைகூடக் கிடையாதா என்று பக்கத்து மெஷின்காரியிடம் கேட்டேன். அவள் சிரித்த சிரிப்பில் ஊசி உடைந்தது.

அந்த நேரத்தில் சாம்பிள் டெய்லர் வேலையை விட்டுத் திருப்பூருக்குப் போயிருந்தார். மற்றவர்கள் நாள் முழுக்க ஒரே தையலைப் போடுவோம். நான் மூன்று வருடமாகப் பின்பாக்கெட் மட்டும்தான் தைத்தேன், கனவிலும் பாக்கெட்தான் வரும். சாம்பிள் டெய்லர்தான் ஒரு பேன்ட்டை முழுதாகத் தைப்பார். ஜன்னலோரம், ஃபேனுக்குக் கீழே, கைப்பிடி வைத்த நாற்காலி. அதற்குக் கட்டிங் மாஸ்டர் தன் மச்சானை ஏற்கெனவே தயார் செய்து வைத்திருந்தார். முதலாளி ஒரு போட்டி வைத்தார். விருப்பமுள்ளவர்கள் ஆளுக்கு ஒரு பேன்ட்டை முழுதாகத் தைத்து, உடம்பால் உழைக்கிற ஓர் ஆம்பளைக்குப் போட்டுவிட வேண்டும். ஆறு மாதம் கழித்து யார் தையல் நிற்கிறதோ அவருக்கு நாற்காலி. அந்த மச்சானோடு சேர்த்து ஆறு பேர் கை தூக்கினோம். பொம்பளையில் நான் ஒருத்திதான். பாக்கெட்டுக்கு என்ன வந்தது என்று மாஸ்டர் கேட்டார்.

அந்த நாற்காலி எனக்கு வேண்டும். பதினெட்டு வயது வரை நானும் உப்பளத்தில் கூடை சுமந்தவள். கால் வெடிப்பில் பாத்தித் தண்ணீர் இறங்கும்போது எப்படி இருக்கும் என்று இறங்கினவர்களுக்குத்தான் தெரியும். அதில் மறுபடி கால் வைக்கக் கூடாது என்றுதான் தையலே கற்றுக்கொண்டேன். வாழ்க்கைப்பட்டதும் மரக்காணத்து உப்பளக்காரருக்குத்தான், அது என் தலையெழுத்து. ஆனால் என் கால் பாத்தியில் இறங்காது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் கழுத்தை நீட்டினேன். அப்படியும் பின்பாக்கெட் என்பது என்ன பெரிய வேலை? ஆர்டர் குறைந்தால் முதலில் வீட்டுக்கு அனுப்புவது பாக்கெட் தைக்கிறவளைத்தான். அனுப்பினால் மாமியார் கூடையை எடுத்துக் கையில் கொடுத்துவிடுவார்.

பேன்ட்டை நான்கு நாளில் தைத்தேன். அளவு பார்ப்பதுதான் பெரும்பாடு. என் வீட்டுக்காரருக்கு இடுப்பு என்று ஒன்று கிடையாது, வயிற்றுக்குக் கீழே நேராகக் கால்தான். லுங்கி மட்டும் கட்டிப் பழகிய மனிதர். பேன்ட்டைப் பார்த்ததும், ரோட்டோரக் குவியலிலிருந்து எடுத்து வந்தாயா என்று கேட்டார். அவர் மேலும் தப்பில்லை. சுனாமியில் கடல் உள்ளே வந்த பிறகு எங்கெங்கிருந்தோ லாரி லாரியாகப் பழைய துணி கொண்டுவந்து ஈசிஆர் ஓரத்தில் கொட்டியிருந்தார்கள். அதில் ஜீன்ஸும் நிறையக் கிடந்தது. எவனோ போட்டுக் கழற்றியதை எங்கள் ஆட்கள் யாரும் தொடவில்லை, ஆடுகள்தான் அதன்மேல் படுத்துக் கிடந்தன. இது நான் என் கையால் தைத்தது என்று சத்தியம் செய்தும் மனிதர் மசியவில்லை. இரண்டு நாள் குழம்பில் உப்புப் போடாமல் வைத்தேன். மூன்றாம் நாள் பேன்ட்டுக்குள் காலை விட்டார்.

அடுத்தது முக்கி எடுப்பது. சாயத்துணியை முதல் தண்ணீரில் ஒரு கைப்பிடி உப்புப் போட்டு ஊறவைத்தால் சாயம் பிடித்துக்கொள்ளும் என்று எல்லா வீட்டிலும் செய்வதுதான். எங்கள் வீட்டில் வாளி எதற்கு, கைப்பிடி எதற்கு? வேலைக்குப் போகும்போது எடுத்துப் போய், உப்பு விளைகிற பாத்தியிலேயே கல் வைத்து முக்கி, சாயங்காலம் கொண்டுவரச் சொன்னேன். அவர் மறந்துவிட்டார். நானும் மறந்துவிட்டேன். மூன்று நாள் கழித்து அவர் தோளில் சுமந்து வந்தபோது, தையல் போன வழியெல்லாம் கல்கல்லாக உப்பு விளைந்திருந்தது. வாசலில் இறக்கி வைத்தார், விழாமல் தன் காலில் நின்றது. யார் வந்திருக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

மறுபடி நல்ல தண்ணீரில் அலசலாம் என்றால் ஒரு முறைக்கு மேல் கூடாது என்பது சட்டம். அதனால் விளக்குமாற்றால் நாலு சாத்து சாத்தி உப்பை உதிர்த்துப் போட்டுவிட்டேன். முதல் வாரம் தொடை உரிந்து தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு படுத்தார். உப்பு வாருகிற இடத்தில் அவருக்குத் 'தொரை' என்று பெயர் வைத்தார்கள். இரண்டாம் மாதம் ரிவிட் எல்லாம் பச்சையாகப் பூத்தது. ஐந்து பட்டனில் மூன்று துருப்பிடித்து ஒட்டிக்கொண்டது. அவசரத்துக்கு ஒதுங்கும்போது அவர் பட்ட பாட்டை எழுதினால் என்னோடு பேசமாட்டார்.

என் கவலை வேறு. உப்பு கட்டுகிற சாக்கில் முதலில் போவது தையல்தான், ஒரு பருவத்தில் நூல் பொடிந்துவிடும். அது தெரிந்தவள்தான் பேன்ட்டை உப்பில் முக்கினேன். என்னை எதால் அடிப்பது? தினமும் அவர் வந்து கழற்றினதும் திருப்பிப் போட்டு, கவட்டுத் தையலை விரலால் இழுத்து இழுத்துப் பார்ப்பேன். போட்டிப் பேன்ட் என்று நூலை மெழுகில் இழுத்து, மடித்து மடித்து இரட்டைத் தையல் போட்டிருந்தேன். அது மட்டும்தான் எனக்கிருந்த தைரியம்.

ஆவணியில் ஆறு பேன்ட்டும் ஆளோடு வரவேண்டும் என்றார் முதலாளி. நான்குதான் ஆளோடு வந்தது. கொத்தனார் பேன்ட்டை அவர் பெண்டாட்டி முதல் வாரமே சோப்புத் தூள் போட்டுக் கும்மியிருந்தாள். மரம் ஏறுகிறவர் முழங்காலோடு வெட்டி டவுசர் ஆக்கியிருந்தார். லாரி டிரைவர் தீபாவளிக்குப் போடலாம் என்று இஸ்திரி போட்டுப் பெட்டியில் வைத்ததை அப்படியே கொடுத்தனுப்பியிருந்தார். ஒருவர் பேன்ட்டோடு சென்னைக்கே போய்விட்டார். மாஸ்டரின் மச்சான் தைத்தது மட்டும் விதிப்படி அழகாக வெளுத்திருந்தது. கடைசியாக என் வீட்டுக்காரர் உள்ளே வந்தார், நடக்கும்போது பேன்ட் சத்தம் போட்டது.

முதலாளி அவர் முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்துவிட்டார். தொடையில் கோடு கோடாக வெளுப்பு, முழங்காலில் சாம்பல் பூத்த நீலம், ரிவிட்டைச் சுற்றிப் பச்சை. இப்படி ஒன்றை அவர் பார்த்ததே இல்லையாம். என்ன செய்தீர்கள் என்று என்னைக் கேட்டார். பொய் சொல்லியிருக்கலாம். நாற்காலி கைக்கு வந்துவிட்டது என்ற சந்தோஷத்தில் பாத்தியில் முக்கியதை அப்படியே சொன்னேன்.

"இது உப்பு செஞ்ச வேலைங்க," என்றார் முதலாளி, எழுந்து நின்று. "நாளையிலேர்ந்து எல்லாப் பேன்ட்டும் உப்புலதான் ஊறணும். நீங்கதான் பாத்தியில எறங்கிப் பாத்துக்கணும். உங்களுக்குத்தான் தெரியும்."

அவர் அதைப் பெரிய பரிசு மாதிரிச் சொன்னார். நாற்காலிக்கு மச்சானைப் போட்டுவிடலாமா என்று மாஸ்டர் பணிவாகக் கேட்டார், முதலாளியும் தலையாட்டினார். எந்தத் தண்ணீரிலிருந்து ஏறி வந்தேனோ அதிலேயே என்னைக் கைதட்டி இறக்கிவிடுகிறார்கள். அழுகை வந்திருக்க வேண்டும், கோபம்தான் வந்தது.

"மாமா, கழட்டு," என்றேன்.

அவர் சுற்றிலும் பார்த்தார். என் முகத்தையும் பார்த்தார். பட்டன் திறக்கவில்லை, ஆனால் இடுப்பு இல்லாத மனிதர் என்பதால் இழுத்ததும் பேன்ட் கழன்றுவிட்டது. பட்டாப்பட்டி டவுசரோடு நின்றார். கூடமே தலையைக் குனிந்துகொண்டு சிரித்தது. நான் பேன்ட்டைத் திருப்பி, உள்பக்கத்தை வெட்டு மேஜையில் போட்டேன். துணி அங்கங்கே நைந்திருந்தது. தையல் ஒரு இடத்திலும் விடவில்லை. பக்கத்திலேயே மச்சான் தைத்த பேன்ட்டையும் திருப்பிப் போட்டேன். கவட்டில் தையல் நாலு விரல் நீளம் பிரிந்திருந்தது.

"உப்பு சாக்கையே பிச்சி எடுத்துடும் சார்," என்றேன். "இதைப் பிய்க்க முடியலை. இதையும் உப்பா தச்சுது? நான் பாத்தியில எறங்க மாட்டேன். எறங்கக் கூடாதுன்னுதான் தையலே கத்துக்கினேன்."

முதலாளி மேஜைமேல் குனிந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, உள்கால் தையலைக் கணுக்காலிலிருந்து கவடு வரை, கவட்டிலிருந்து மறு கணுக்கால் வரை விரலால் தடவிக்கொண்டே போனார். பிறகு என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அவர் நாயிடம்கூட மன்னிப்புக் கேட்கிறவர்தான், இருந்தாலும் இது வேறு மாதிரி இருந்தது. ஊறவைப்பதற்கு யார் என்று மாஸ்டர் முணுமுணுத்தார். டவுசரோடு நின்றவரைக் கை காட்டினேன்.

நான் போய் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். ஆம்பளைக்கு என்று ஏற்றி வைத்த நாற்காலி, என் கால் பெடலுக்கு எட்டவில்லை. இறக்கித் தரட்டுமா என்று மச்சான் எழுந்தான். வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஸ்பேனரை நானே எடுத்தேன்.