எர்சீலியா திறந்து பார்த்த பிரிண்டர்

ஓருரோ நகர ரயில் நிலையத்தில் ஆட்குறைப்பு நடந்தபோது எர்சீலியா கோபாவுக்கு நாற்பத்தாறு வயது. டிக்கெட் கொடுக்கும் வேலை போனதே என்று அவள் மூலையில் உட்காரவில்லை. பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஒரு தகரக் கடை பிடித்தாள். ஒரே ஒரு பிரிண்டர். விண்ணப்பங்களை அச்சடித்துக் கொடுத்தே மூன்று வருடம் தலை நிமிர்ந்து வாழ்ந்தாள்.

பள்ளிச் சேர்க்கை வாரத்தில், வரிசையில் முப்பது பேர் நிற்கும்போது, பிரிண்டரில் இரண்டு சிவப்பு விளக்குகள் மாறி மாறிக் கண்ணடித்தன. உள்ளே ஒரு பாகத்தின் ஆயுள் முடிந்துவிட்டதாம். தூக்கிக்கொண்டு தெருமுனை சர்வீஸ் கடைக்கு ஓடினாள்.

கடைக்காரர் வால்டோ மூடியைத் தொடக்கூட இல்லை. "அவ்வளவுதான் டோன்யா எர்சீலியா, புதுசு வாங்கிடுங்க."

"திறந்தே பாக்கல, எப்படிச் சொல்றீங்க?"

"அதான் மெஷினே சொல்லுதே!"

எர்சீலியாவுக்குச் சுருக்கென்றது. கடைக்குத் திரும்பி, திருப்புளி எடுத்து, தானே திறந்தாள். ஆயுள் முடிந்ததாகச் சொன்ன பாகம் வழியும் மையை உறிஞ்சும் பஞ்சுதான்; அது பாதிக்கு மேல் வெள்ளையாகவே இருந்தது! அதையும் எடுத்துவிட்டுப் புதுக் கம்பளித் துண்டு வைத்தாள். அப்போதும் சிவப்பு விளக்குகள் அணையவில்லை.

"அடிப்பாவி! இது பஞ்சைப் பாக்கவே இல்ல. சும்மா எண்ணிக்கிட்டே இருந்திருக்கு. இத்தனை தாள் ஆனா செத்துடணும்னு சொல்லி அனுப்பியிருக்காங்க!"

பக்கத்தில் ஊதாச் சோளக் கஞ்சி விற்கும் ஃபோர்துனாத்தா கரண்டியை நீட்டினாள். "என் புருஷன் மாதிரி. நல்லாத்தான் இருப்பாரு, மணி அஞ்சடிச்சா முடியலம்பாரு."

எர்சீலியா போனில், ரிப்பேர்காரர்கள் குழுவில் விவரத்தை எழுதிப் போட்டாள். கஞ்சி ஆறுவதற்குள் எங்கோ தூரத்து ரொசாரியோ நகரிலிருந்து முகம் தெரியாத ஒருத்தி பதில் அனுப்பினாள்: "பவர் பட்டனை விடாம அமுக்கிக்க. பக்கத்துப் பட்டனை அஞ்சு தடவை தட்டு. எண்ணிக்கை பூஜ்யமாயிடும்."

ஒன்று, இரண்டு... வரிசையே சேர்ந்து எண்ணியது. ஐந்து! விளக்கு பச்சையானது. பிரிண்டர் கரகரவென்று தாளை இழுத்தது. எர்சீலியா போட்ட கூச்சலில் பதிவாளர் அலுவலகத்து ஜன்னல்கள் திறந்துகொண்டன. வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள்.

வரிசை கரைந்ததும் நேரே வால்டோ கடைக்குப் போனாள். கொல்லையில், இதே சிவப்பு விளக்கைப் பார்த்து அவர் கழித்துப் போட்ட பதினொரு பிரிண்டர்கள் கிடந்தன.

"இந்தக் குப்பையை எடுத்துக்கவா?"

"இடம் காலியானா சந்தோஷம்."

மறுநாள் மதியத்துக்குள் ஒன்பது ஓடின. வால்டோ வந்து வாசலில் நின்று வாயைப் பிளந்தார். "என்ன பண்ணீங்க டோன்யா?"

"திறந்து பாத்தேன்!"

இப்போது பொத்தோசியிலிருந்தெல்லாம் பஸ்ஸில் பிரிண்டர்கள் வருகின்றன. போன வாரம் வந்த புது மாடலில் அந்தப் பட்டன் வித்தை பலிக்கவில்லை, கம்பெனி பூட்டிவிட்டது. எர்சீலியாவின் கண்கள் மின்னின. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சட்டைக் கையை மடித்துவிட்டாள்.

"வாடி ராசாத்தி, நீயா நானா பாத்துடலாம்!"