பார்க்கில் ஒரு மீன் துண்டு

மற்ற அம்மாமார்களுக்குப் பிள்ளை சாப்பிட மாட்டேன் என்கிறதே என்று கவலை. எனக்கு, சாப்பிடுகிறதே என்று பயம். ஒவ்வொரு வாய்ச் சோறும் தொண்டையைத் தாண்டி இறங்கும்வரை கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருப்பேன். இறங்கிய பிறகுதான் அடுத்த வாய்.

காரணம் இல்லாமல் இல்லை. எனக்கு இரட்டைப் பெண் பிள்ளைகள். இரண்டு பேருக்கும் ஒரு வயது நிறையாத சமயம், மூத்தவள் கையில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்த மரச்சீனிக் கிழங்குத் துண்டை இளையவள் பறித்து வாயில் போட்டுவிட்டாள். இருமல் இல்லை, அழுகை இல்லை. வாய் மட்டும் திறந்து திறந்து மூடுகிறது. முகம் நீலம் பாய்ந்துவிட்டது. காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி முதுகில் அடித்தேன். கிழங்கு தெறித்து விழுந்து அவள் வீறிட்டபோது, அவளை மடியில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். அன்று முதல் எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்குச் சோறு என்றால் மத்து போட்டுக் கடைந்த சோறுதான். இப்படியே போனால் இதுகளுக்குப் பல் எதற்கு முளைக்கிறது என்று மாமியார் கேலி பேசுவாள். பேசட்டும் என்று விட்டுவிட்டேன். நீலமான முகத்தைப் பார்த்தது நான்தானே.

என் வீட்டுக்காரர் அதைப் பார்க்கவில்லை. எங்கள் ஊர் இனயத்து ஆண்கள் பாதிப்பேரைப் போல அவரும் பஹ்ரைனில் ஒரு அரபியின் லாஞ்சில் மீன் பிடிக்கப் போயிருந்தார். சுனாமி கழிந்து ஆறேழு வருடம் ஆகியிருந்த காலம் அது. பிள்ளைகள் பிறந்தபோது ஒரு மாதம் இருந்துவிட்டுப் போனவர், அடுத்து வந்தபோது அவர்களுக்கு இரண்டரை வயது. போனில் 'அப்பா, அப்பா' என்று கொஞ்சின பிள்ளைகள், ஆளை நேரில் கண்டதும் என் சேலைக்குள் போய் ஒளிந்துகொண்டன. மூத்தவளாவது அவர் கொண்டுவந்த பொம்மையை வாங்கினாள். இளையவள் அவர் அறைக்குள் வந்தாலே உதட்டைப் பிதுக்குவாள். அவர் சிரித்துச் சமாளிப்பார். ஆனாலும் மனசுக்குள் ஒடிந்துபோயிருந்தார் என்று எனக்குத் தெரியும்.

கடற்கரையில் இருக்கிற விளையாட்டுப் பார்க்குக்குப் போகிற யோசனை அதனால் வந்ததுதான். கூட வேலை பார்க்கும் ஒருவர் போனில் சொல்லி, ஆளைப் பிடித்து 'பேக்கேஜ்' போட்டார். ராட்டினம், தண்ணீர் விளையாட்டு, காலை டிபன், மதியச் சாப்பாடு, சாயங்காலம் டீ, எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே பணம் கட்டியாகிவிட்டது. மணிக்கட்டில் 'பேண்ட்' என்று ஒரு பட்டை கட்டிவிடுவார்கள், அதைக் காட்டினால் போதும். மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குப் பேண்ட் கிடையாது. அப்பா அம்மா தட்டிலிருந்து சாப்பிட்டுக்கொள்ளலாம்.

அவர் தட்டைப் பற்றி நினைத்தார். நான் தொண்டையைப் பற்றி நினைத்தேன். விடியும் முன்னே எழுந்து சோறும் பருப்பும் குழைய வேகவைத்துக் கடைந்து ஒரு டப்பாவில் அடைத்து, பிளாஸ்க்கில் ராகிக் கூழும் எடுத்துக்கொண்டேன்.

வாசலில் காவலுக்கு நின்றவர் பையைத் திறந்து பார்த்துவிட்டு, வெளிச் சாப்பாடு உள்ளே விடமாட்டோம் என்று இரண்டையும் எடுத்து ஒரு அலமாரியில் வைத்துவிட்டார். நான் அவரைச் சும்மா விடவில்லை. பச்சைப்பிள்ளை தின்கிற கூழைக் கொண்டு நான் உள்ளே ஓட்டல் நடத்தப் போகிறேனா என்று கேட்டேன். அவருக்கும் வீட்டில் பிள்ளை குட்டி இருக்கும் இல்லையா என்று கேட்டேன். வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். இவர்தான் என் கையைப் பிடித்து இழுத்தார்.

"விடுட்டி. எல்லாம் உள்ள உண்டு. பைசா குடுத்தாச்சுல்லா."

காலை டிபனை ஒருவழியாகத் தாண்டினோம். இட்லி ரப்பர் மாதிரி இருந்தது. பாலில் ஊறப்போட்டு மசித்துக் கொடுத்தேன், இரண்டும் துப்பிவிட்டன. பிறகு ராட்டினம் பக்கம் போனோம். அவர் இளையவளைத் தூக்கிக்கொண்டு குட்டி ரயிலில் ஏறினார். ரயில் கிளம்பும் முன்பே அவள் போட்ட கூப்பாட்டில் ரயில்காரர் இறக்கிவிட்டார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

மதியம் ஹாலுக்குள் போனபோது பிள்ளைகள் இரண்டும் பசியில் சிணுங்கிக்கொண்டிருந்தன. நீள மேசையில் வரிசையாகச் சாப்பாடு. மற்றவர்கள் வாயைத் திறந்துகொண்டு பார்த்தார்கள். நான் ஒவ்வொன்றிலும் எது தொண்டையில் மாட்டும் என்று தேடினேன். புலாவில் பட்டாணி. அது ஒன்று போதும். சென்னாவில் முழுக் கடலை. நூடுல்ஸ் நீளநீளமாக. பன்னீர் பிய்க்கவே வரவில்லை. காலிஃபிளவர் வறுவல் கல்லாக இருந்தது. ஐஸ்கிரீமில்கூட முந்திரியைத் தூவி வைத்திருந்தார்கள். இரண்டரை வயதுப் பிள்ளையின் தொண்டையை நினைத்து அங்கே ஒருவரும் ஒன்றும் சமைக்கவில்லை. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்த மேசையை முழுக்கச் சுற்றினேன், அழுகையே வந்துவிட்டது.

கடைசியில் வெள்ளைச் சோறும் ரசமும் இருந்தன. அதற்குப் பக்கத்தில் மீன் வறுவல்.

மீனைக் கண்டதும் எனக்கு உயிர் வந்தது. எங்கள் கரையில் பல் முளைக்கும் முன்பே பிள்ளை நாக்கில் மீனைத் தடவிவிடுவார்கள். எந்த மீனைப் பிள்ளைக்குக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக்கூடாது என்பது எங்களுக்குச் சொல்லித்தர வேண்டாம். சாளை போன்ற சின்ன மீன்களில்தான் பொடிமுள் பயம். நெய்மீனோ பாரையோ பெரிதாகக் கிடைத்தால் நடுமுள்ளையும் ஓரமுள்ளையும் எடுத்தால் தீர்ந்தது, மிச்சமெல்லாம் வெறும் சதை. தட்டில் கிடந்ததோ உள்ளங்கை அகலத்துக்கு வட்டத் துண்டு, மசாலாவில் கறுத்துப்போனது. எப்படியும் ஒரு ஆள் கை நீளமுள்ள மீனாக இருக்க வேண்டும். நான் நான்கு துண்டு வாங்கினேன்.

அவர் ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டுப் பார்த்தார். என்னவோ மண்ணு மணம் இருக்கு, ரொம்ப நாள் ஐஸில் கிடந்த மீன் என்றார். கடற்கரை பார்க்கில் பழைய மீனைப் போட்டு ஏமாற்றுகிறார்கள் என்று நானும் திட்டினேன். கெட்டுப்போகவில்லை, பிள்ளைக்குக் கொடுக்கலாம் என்று அவரே முள் எடுத்தார். வலை இழுத்துக் காய்த்துப்போன விரல்தான். ஆனால் நடுமுள்ளை உருவி, ஓரமுள்ளைத் தடவித் தடவி எடுத்ததைப் பார்த்தபோது எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சதையை ரசச்சோற்றில் போட்டு நன்றாகப் பிசைந்தார். நான் மூத்தவளை மடியில் வைத்து ரசச்சோறு மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"வாயத் தொற மக்கா," என்று சின்ன உருண்டையை இளையவள் முன்னால் நீட்டினார்.

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். உருண்டையைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்றும் மறக்கவில்லை. வந்த நாள் முதல் அவர் சிரித்த சிரிப்பெல்லாம் பொய்ச்சிரிப்பு என்று அப்போதுதான் தெரிந்தது. இரண்டாவது உருண்டையை அவள் கேட்டு வாங்கினாள். அடுத்ததற்கு அவர் மடிக்கே நகர்ந்து உட்கார்ந்தாள். அதைக் கொடுத்ததும் மெல்லுவதை நிறுத்திவிட்டாள்.

நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். விழுங்கினாள், பாதியில் நின்றது. கண் பெரிதானது. கையை வாய்க்குள் விட்டுத் தோண்டினாள். பிறகு அழுதாள், ஆனால் அழுகை முழுதாக வரவில்லை, நடுவில் அறுந்து அறுந்து போயிற்று. வாயோரம் எச்சில் ஒழுகியது. அதில் சிவப்பாகக் கொஞ்சம் கலந்திருந்தது.

மூத்தவளைப் பெஞ்சில் போட்டுவிட்டு ஓடிப்போய் இவள் வாயைத் திறந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. கிழங்கு விக்கியபோது செய்ததுபோலத் தலைகீழாகத் தூக்கலாமா, தூக்கினால் இன்னும் குத்துமா, எதுவும் புரியவில்லை. மூச்சு வந்துகொண்டிருந்தது, அதுதான் ஒரே ஆறுதல்.

அவர் பதறவில்லை. முள் மாட்டினால் எங்கள் ஊரில் எல்லோரும் செய்வதைத்தான் அவரும் செய்யப் போனார். மெல்லாமல் விழுங்க ஒரு கட்டிச் சோற்று உருண்டை. அது முள்ளையும் இழுத்துக்கொண்டு உள்ளே போய்விடும். சின்ன வயதில் எனக்கும் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். என் பயத்தை ஆற்றிக்கொண்டே அவர் வெறுஞ்சோற்றை எடுத்து இறுக்கி உருட்டினார்.

"பேடிக்காதட்டி. இத முழுங்கினா எறங்கிரும்."

அவர் கை அவள் வாயருகே போனது. எனக்கு அந்த நீலமுகம்தான் கண்ணுக்குள் நின்றது. ஓங்கி அவர் கையில் ஒரு அடி, உருண்டை பக்கத்து மேசையில் போய் விழுந்தது. கல்யாணமாகி அந்த நாள்வரை அவர்மேல் நான் கை ஓங்கியதில்லை. ஹாலில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"எனக்க பிள்ளைக்க வாயில இனி ஒண்ணும் வெய்க்காதீங்க."

கடலில் கிடக்கிறவனுக்கு மீன்முள்ளைப் பற்றி நீ சொல்லித்தருகிறாயா என்று அவரும் குரலை உயர்த்தினார். பக்கத்து மேசைக்காரர் வாழைப்பழம் கொடுங்கள் என்றார். இன்னொருத்தி தண்ணீரை நீட்டினாள். நான் யாரையும் கிட்டே விடவில்லை. அவர் கோபத்தில் தட்டில் மிச்சமிருந்த மீன் துண்டை எடுத்து, இதில் எங்கே முள் என்று காட்டுவதற்காக இரண்டாகப் பிய்த்தார். பிய்த்தவர் அப்படியே நின்றார். சதைக்குள், முள்ளே இருக்கக்கூடாத இடத்தில், மயிரிழை கனத்தில் கவைக்கம்பு போல இரண்டாகப் பிரிந்த முட்கள். இன்னும் பிய்த்தார். உள்ளே உள்ளே அதேதான்.

"இது நம்ம மீன் இல்லட்டி. கொளத்து மீனு."

வளர்ப்புக் குளத்து மீன். பூதப்பாண்டிப் பக்கம், வயலும் குளமுமாக இருக்கிறவர்களுக்கு அது தெரிந்திருக்கும். நாங்கள் இரண்டு பேரும் கடலைத் தவிர வேறெதிலும் மீன் தின்றவர்கள் இல்லை. பெரிய மீனுக்குள் பொடிமுள் ஒளிந்திருக்கும் என்று எங்கள் விரலுக்கு யாரும் சொல்லவில்லை.

முதலுதவி அறையில் இருந்த நர்ஸ் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, தன்னால் ஆகாது, சீக்கிரம் கொண்டுபோங்கள் என்றாள். பிள்ளைகள் பிறந்த இடம் என்பதால் எனக்கு நெய்யூர் ஆஸ்பத்திரியைத் தவிர வேறெதுவும் வாயில் வரவில்லை. வாடகைக் காரில் மூத்தவளை என் பக்கத்தில் இருத்திவிட்டு அவர் முன்னால் உட்கார்ந்தார். கை கழுவக்கூட இல்லை. சோறும் மசாலாவும் காய்ந்து ஒட்டிய வலதுகையை மடியில் மல்லாக்க வைத்துக்கொண்டு வந்தார். வழியெல்லாம் அவள் எச்சிலைத் துண்டில் ஒற்றிக்கொண்டே இருந்தேன். அழுது அழுது களைத்துக் கண் சொருகியபோது, தூங்குகிறாளா, வேறு ஏதாவதா என்று பயந்து கன்னத்தைத் தட்டி எழுப்பினேன். எழுப்பினால் வலியில் அழுதாள். அழுதால் எனக்கு நிம்மதி. மாதாவே, இவள் அழுதுகொண்டே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஒரு தாய் வேண்டுகிற வேண்டுதலா அது?

ஆஸ்பத்திரியில் அவளைப் போர்வையில் இறுக்கிச் சுற்றி, நான் தலையைப் பிடிக்க, அவர் காலைப் பிடிக்க, டாக்டரம்மா நெற்றி விளக்கோடு குனிந்தார். அவள் அப்பாவைப் பார்த்துத்தான் அலறினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். நீளமான இடுக்கி உள்ளே போய் வெளியே வந்தது. நுனியில் அந்தக் கவைமுள். டான்சில் ஓரத்தில் குத்தி நின்றதாம்.

முள்ளை இறக்க வேறு ஏதாவது கொடுத்தீர்களா என்று டாக்டரம்மா கேட்டார். இல்லை என்றேன். நல்லது, சோறு உருட்டிக் கொடுத்துத் தள்ளியிருந்தால் ஆழமாக இறங்கிக் கிழித்திருக்கும், பிறகு என் கையில் ஒன்றுமில்லை என்றார். நான் வீட்டுக்காரர் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் அவரால் தாங்கியிருக்க முடியாது.

சாயங்காலம்வரை வைத்துப் பார்த்துவிட்டு, ஆறின தயிர்ச்சோறு குழையக் கொடுத்துப் பாருங்கள் என்றார்கள். கேண்டீனில் வாங்கிக் கட்டிலில் வைத்து நான் பிசைந்தேன். காலையிலிருந்து ஒன்றும் சரியாக இறங்காத பிள்ளை, சோற்றைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்தாள். நான் ஒரு வாய் நீட்டினேன். தலையைத் திருப்பிக்கொண்டாள். சுவரோரம் ஸ்டூலில் இருந்த அவரைப் பார்த்தாள். அவரைப் பார்த்து வாயைத் திறந்தாள்.

அவர் எழவில்லை. நீயே குடு என்று கையால் சைகை காட்டினார். அவள் திறந்த வாயை மூடாமல் காத்திருந்தாள். நான் தட்டைக் கொண்டுபோய் அவர் மடியில் வைத்தேன். புயலில் ஆழ்கடலில் கிடந்ததை எல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லுகிற மனுஷன். அன்று மடியில் இருந்த சோற்றைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குப் பேடியா இருக்குட்டி."

"எனக்குந்தான். குடுங்க."

ஒரு பருக்கை அளவு எடுத்தார். பிறகு இன்னும் கொஞ்சம். அவள் வாயில் வைத்துவிட்டுக் கையை அங்கேயே வைத்திருந்தார். அவள் மென்றாள். நாங்கள் இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தச் சின்னக் கழுத்தையே பார்த்தோம். இறங்கிற்று. அவள் மறுபடி வாயைத் திறந்தாள்.