குப்புறக் கிடந்த கூழாங்கல்

சாக்பீஸ் அக்கா யாரையும் நம்ப மாட்டாங்க. தையல்காரர் சட்டையைக் குடுத்தா கடை வாசல்லயே நின்னு பட்டனை எண்ணுவாங்க. கல்யாணமான புதுசுல புருஷன், "உன்னை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு"ன்னு சொன்னாராம். "அதை எதுக்கு இப்ப சொல்றீங்க?"ன்னு கேட்டாங்களாம். பாவம், மனுஷன் அதுக்கப்புறம் வாயைத் திறந்திருப்பாரா?

மாநகராட்சியில அவங்க வேலை, தெருவுல கேட்பாரில்லாம கிடக்கற வண்டியைக் கண்டுபிடிக்கறது. அவங்க கையெழுத்துப் போட்ட வண்டியைக் கிரேன் லாரியில தூக்கிட்டுப் போறது நான். பதினோரு வருஷமா சேர்ந்து குப்பை கொட்டறோம். இன்னும் என்னை ஓரக்கண்ணாலதான் பார்ப்பாங்க.

வண்டி நிஜமாவே நிக்குதான்னு பார்க்க அவங்க ஒரு முறை வெச்சிருந்தாங்க. டயர்ல இருந்து தரை வரைக்கும் சாக்பீஸால ஒரு கோடு, டயர் உச்சியில ஒரு கூழாங்கல். பதினஞ்சு நாள் கழிச்சும் கோடு விலகாம, கல்லு விழாம இருந்தா வண்டி அசையலைன்னு அர்த்தம். கல்லோட அடியில சிவப்பு மையில ஒரு புள்ளி இருக்கும். அது அவங்களையும் என்னையும் தவிர யாருக்கும் தெரியாது.

போன வருஷம் ஒரு பொம்பளைக் குரல் போன்ல புகார் சொல்லுச்சு. மூணு மாடி வீடு ஒண்ணு முன்னாடி நீலக் கார் மாசக்கணக்கா நிக்குதாம், யாரோடதுன்னு தெரியாதாம். அக்கா கோடு போட்டு, கல்லு வெச்சாங்க. பதினஞ்சு நாள் கழிச்சுப் போனோம். கோடு இருந்துச்சு, கல்லும் இருந்துச்சு. நான் சங்கிலியை இறக்கினேன்.

"நிறுத்து தம்பி."

அக்கா தரையில முட்டி போட்டு வண்டிக்கு அடியில கையை விட்டாங்க. விடியற்காலையில ஒரு மணி நேரம் மழை அடிச்சிருந்தது. கை ஈரமா வெளியே வந்தது. "நின்ன வண்டின்னா அடியில காஞ்சிருக்கணும். கோடு மழையில கரைஞ்சிருக்கணும். கல்லைப் பாரு."

சிவப்புப் புள்ளி மேலே பார்த்துச் சிரிச்சுட்டு இருந்தது. யாரோ தினமும் வண்டியை எடுத்துட்டுப் போய், திரும்ப வந்ததும் கோடு போட்டு, கல்லை வெச்சிருக்காங்க.

"நாம தூக்கற வண்டியை ஏலத்துல எடுக்கறானே, அந்தப் பழைய இரும்புக் கடைக்காரன் கூட நீ டீ குடிச்சியே?"ன்னாங்க அக்கா.

எனக்கு வந்துச்சே கோபம்! "அக்கா, புள்ளி விஷயம் தெரிஞ்சவன் நான். நான் வெச்சா சரியா வெச்சிருக்க மாட்டேனா?"

"அப்படி நான் நினைக்கணும்னே தப்பா வெச்சிருக்கலாம்."

நான் திருடன் இல்லைன்னு நிரூபிக்கறதுக்காகவே மறுநாள் விடியும்போது எதிர்வீட்டு மாடிப்படியில அவங்களோட ஒளிஞ்சு உட்கார்ந்தேன்.

ஒரு பெரியவர் வந்தார். காரோட பக்கவாட்டைக் கையால தடவித் தடவி வந்து கதவைக் கண்டுபிடிச்சார். கிளப்பினார், போனார். இருபது நிமிஷத்துல திரும்பி வந்து, நடைபாதைமேல ஒரு சக்கரத்தை ஏத்தி இறக்கி நிறுத்திட்டு உள்ளே போனார். பின்னாடியே ஒரு பொண்ணு சாக்பீஸோட ஓடி வந்து குனிஞ்சா. அக்கா இறங்கிப் போய் அவ கையைப் பிடிச்சாங்க.

"எங்கப்பாதான், மேடம். போன்ல புகார் சொன்னது நான்தான்"ன்னு அழுதா. "முப்பது வருஷம் டிரைவிங் ஸ்கூல்ல சொல்லிக் குடுத்தவர். இப்ப கண்ணு தெரியலை. ஒத்துக்க மாட்டேங்கறார். சாவியை ஒளிச்சா என்கிட்ட பேச்சையே நிறுத்திடறார். போன மாசம் ஸ்கூல் போற குழந்தை ஒண்ணு மயிரிழையில தப்பிச்சுது. நீங்களா எடுத்துட்டுப் போனா உங்க மேலதானே கோபப்படுவார்? எனக்குன்னு அவர் ஒருத்தர்தான்."

அக்கா அதையும் நம்பலை. மாடி ஏறிக் கதவைத் தட்டி, பெரியவர் கையில எதுவும் எழுதாத ஒரு வெள்ளைத் தாளைக் குடுத்து, "நோட்டீஸ், படிங்க சார்"ன்னாங்க. அவர் தாளை மூக்குக்கிட்ட கொண்டுபோய், தலையை ஆட்டி, "படிச்சுட்டேன்மா, சரி"ன்னார்.

ஓடற வண்டியைத் தூக்க எங்களுக்கு அதிகாரம் கிடையாது. ஆனா தூக்கின வண்டிகளை அடைக்கற எங்க கொட்டடிக்குள்ள வந்த வண்டியைக் கண் பரிசோதனைச் சீட்டு இல்லாம யாரும் வெளியே ஓட்டிட்டுப் போக முடியாது. அக்கா படியிலயே உட்கார்ந்து, 'அசையாத வண்டி'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டாங்க. நான் பார்க்க அவங்க எழுதின முதல் பொய்.

சங்கிலிச் சத்தம் கேட்டுப் பெரியவர் ஓடி வந்தார். ரொம்ப நாளா நின்ன வண்டி, தூக்கறோம்னேன். "நின்ன வண்டியா? இப்பத்தானே ஓட்டிட்டு வந்தேன்! நீயே சொல்லும்மா!"

பொண்ணு என்னைப் பார்த்தா, அக்காவைப் பார்த்தா. "இல்லப்பா. அது ரொம்ப நாளா நிக்குது."

அவர் கேட்டைப் பிடிச்சுக்கிட்டார். "காலையில போனேனே... போகலையா?" குரல் சின்னதாயிடுச்சு.

"போனீங்க சார்"ன்னாங்க அக்கா. "நான் பார்த்தேன். உங்க பொண்ணுக்குத் தெரியாது. வண்டி அசையலைன்னு காட்ட டயர்ல கல்லைத் திருப்பி வெச்சதும் நான், பொய் எழுதினதும் நான். உங்க கண்ணுதான் போச்சு, புத்தி நல்லாத்தான் இருக்கு."

"அப்பாடா!"ன்னு நெஞ்சுல கையை வெச்சார் பெரியவர். அடுத்த நிமிஷமே ஆரம்பிச்சார். பொய்க்காரி, வண்டித் திருடி, நீ விளங்கவே மாட்டே, உன் கை முடங்கிப் போக! தெருவே வேடிக்கை பார்த்தது. அக்கா தலையைக் குனிஞ்சுக்கிட்டு முழுசையும் கேட்டாங்க.

லாரியில கேட்டேன். "புகார் குடுத்தா உங்க வேலைக்கே உலை வெச்சிடுவாங்க, அக்கா. அவருக்குத்தான் கண்ணு தெரியாதே, யார் எழுதிக் குடுப்பா?"

"பொண்ணுதான்."

பத்து நாள்ல மெமோவோட புகார் நகலும் வந்தது. நாலு பக்கம். அப்பா சொல்லச் சொல்லப் பொண்ணு எழுதினது, கீழே அவரோட கோணல் கையெழுத்து. அக்கா விரலை ஒவ்வொரு வரிக்கு அடியிலயும் ஓட்டிப் படிச்சாங்க. பொய்க்காரி இருந்தது. வண்டித் திருடி இருந்தது. கை முடங்கறதும் இருந்தது. எங்களுக்காக அவ ஒரு வார்த்தையைக்கூடக் குறைக்கலை, கண்ணு தெரியாத அப்பாவை இந்தத் தடவை ஏமாத்தலை.

அக்கா தாளை மடிச்சாங்க. "இந்தப் பொண்ணை நம்பலாம், தம்பி"ன்னாங்க.